பச்சைப் பேத்தை ஏன் பட்டினி கிடக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்னைக்குப் போயிருந்த என் கணவர், கொளத்தூரில் பையனுக்காக ஒரு பஃபர் மீன் வாங்கி வந்தார். இரண்டு அங்குலம் இருக்கும். பச்சை முதுகு, அதில் கறுப்புப் புள்ளிகள், வெள்ளை வயிறு. "நல்ல தண்ணி மீன்தான், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். இருபது லிட்டர் தொட்டியில் விட்டோம். எங்கள் போர் தண்ணீர் கரிக்கும் என்பதால், நாங்கள் குடிக்கும் ஆர்.ஓ. கேன் தண்ணீரையே ஊற்றினோம். முதல் இரண்டு நாள் துறுதுறுவென்று சுற்றியது, கூட இருந்த கப்பி மீனின் வாலைக்கூடக் கடித்தது. இப்போது பத்து நாள் ஆகிறது, எதையும் தொடுவதில்லை. குருணைத் தீனி, அவித்த முட்டையின் மஞ்சள் கரு, சப்பாத்தித் துணுக்கு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டோம். வயிறு சாம்பல் நிறமாகிவிட்டது. கண்ணாடி ஓரத்தில் மேலும் கீழுமாக நீந்திக்கொண்டே இருக்கிறது, இல்லையென்றால் மூலையில் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது. கடையில் கேட்டால் நீல மருந்து ஊற்றச் சொல்கிறார்கள். பையன் லீவு முழுக்கத் தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிடுகிறான். என்ன செய்வது?
– ஒரு வாசகி, காந்தி நகர், காட்பாடி

பதில்: முதல் வேலையாக, தீனி போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. நீல மருந்தையும் ஊற்ற வேண்டாம். பஃபருக்குத் தமிழில் பேத்தை என்று பெயர். வயிறு ஒட்டிப்போகாத பேத்தை மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும். அது தின்னாமல் விட்ட முட்டைக் கருவும் சப்பாத்தியும் தொட்டியில் அழுகுவதைத்தான் தாங்காது.

உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை கொடுத்த வரி கப்பியின் வால் பற்றியது. வந்த புதிதில் கடித்திருக்கிறது என்றால் வாயும் பல்லும் நன்றாக இருக்கின்றன, பசியும் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு தொட்டிக்குள் ஏதோ மாறியிருக்கிறது. பேத்தை சாப்பிடாவிட்டால் எல்லோரும் தீனியைத்தான் மாற்றிப் பார்க்கிறார்கள். நான் தண்ணீரைப் பார்க்கச் சொல்வேன். எனக்கு வரும் பேத்தைக் கடிதங்களில் பெரும்பாலானவை கடைசியில் தண்ணீரில்தான் போய் நிற்கின்றன.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், இது பச்சைப் புள்ளிப் பேத்தை. டைக்கோடோமிக்டெரே நைக்ரோவிரிடிஸ் என்பது இன்றைய அறிவியல் பெயர். பழைய புத்தகங்களில் டெட்ராடான் நைக்ரோவிரிடிஸ் என்று இருக்கும். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் வாழும் மீன் இது. குஞ்சாக இருக்கும்போது நன்னீரைக் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பொறுமையை நம்பித்தான் கடைகளில் இதை நன்னீர் மீன் என்று விற்கிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. வாங்கும்போதே உப்புத் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பல மீன்கள் பிழைத்திருக்கும்.

இனி அந்த ஆர்.ஓ. தண்ணீர். நம் ஊர்க்காரர்கள் போர் தண்ணீரைக் கண்டு பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு என்ன செய்தது என்பதை 1996-ல் உச்ச நீதிமன்றமே எடுத்துப் பேசியது. அதனால் குழந்தைக்குக் கொடுக்கும் தண்ணீரையே மீனுக்கும் கொடுப்போம் என்று நீங்கள் நினைத்தது அன்பால்தான். ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் தண்ணீரில் இருக்கும் கால்சியம், கார்பனேட் எல்லாவற்றையும் பெரும்பாலும் எடுத்துவிடுகிறது. இந்த மீனுக்குத் தேவை அதற்கு நேர்மாறான தண்ணீர்: கடினமான, காரத்தன்மை உள்ள, கொஞ்சம் உப்புக் கரிக்கிற தண்ணீர்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மீன் விடும் கழிவும் அழுகும் தீனியும் அம்மோனியாவாக மாறும். ஃபில்டரில் வளரும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது ஓரளவுக்குப் பரவாயில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் நிலைபெறவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவை வேலை செய்யக் கார்பனேட்டும் வேண்டும், அது ஆர்.ஓ. தண்ணீரில் இல்லை. அதாவது உங்கள் தொட்டியில் அம்மோனியா சேர்ந்துகொண்டே போகிறது, அதை மாற்றித் தர ஆள் இல்லை. சாம்பல் வயிறு, சுருட்டிய வால், கண்ணாடி ஓரமாக ஓயாத ஓட்டம், மூன்றும் சேர்ந்து அதைத்தான் சொல்கின்றன என்று நினைக்கிறேன். நினைப்பதோடு நிற்க வேண்டாம், அளந்து பாருங்கள். அம்மோனியா, நைட்ரைட், பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) மூன்றுக்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் கிடைக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். "கொஞ்சம்தான் காட்டுது" என்று ஒரு அளவு கிடையாது.

இந்த இடத்தில் அவசரப்பட்டால் மீன் செத்துவிடும், அதனால் நிதானமாகப் படியுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் தவறு என்று தெரிந்ததும் மொத்தத்தையும் கொட்டிவிட்டு போர் தண்ணீரை நிரப்பத் தோன்றும். செய்யாதீர்கள். பி.எச். குறைவாக இருக்கும்போது அம்மோனியாவின் பெரும்பகுதி அவ்வளவாகக் கெடுதல் செய்யாத வடிவத்தில் இருக்கும். பி.எச். ஒரு புள்ளி ஏறினால் விஷ வடிவம் சுமார் பத்து மடங்காகிறது. நேற்றுவரை சோர்ந்து கிடந்த மீன், நல்ல தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே சாவது இதனால்தான். முதல் ஓரிரு நாள் அதே கேன் தண்ணீரைக் கொண்டே தினமும் கால் பங்கு மாற்றி, அடியில் கிடக்கும் தீனியை டியூப் வைத்து உறிஞ்சி, அம்மோனியாவை இறக்குங்கள். அதன் பிறகு மாற்றும் தண்ணீரில் சிறிது சிறிதாக வேறு தண்ணீரைக் கலக்கத் தொடங்குங்கள்.

எந்தத் தண்ணீர்? காந்தி நகரில் காவிரி கூட்டுக் குடிநீர் வந்தால் அதைப் பிடித்து, ஒரு வாளியில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு ஒரு நாள் ஓடவிட்டு, ஆன்டி குளோரின் சொட்டும் விட்டுப் பயன்படுத்துங்கள். போர் தண்ணீரில் நாற்றமோ நிறமோ இல்லாமல் வெறும் கரிப்பு மட்டும் இருந்தால் அதையும் பாதிக்குப் பாதி கலக்கலாம். நமக்குக் குடிக்கப் பிடிக்காத அந்தக் கடினத்தன்மை இந்த மீனுக்கு உதவிதான்.

ஃபில்டர் பற்றி நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் உடனே வாங்குங்கள். அதைவிட நல்ல வழி, பல மாதமாக நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் வீட்டில் இருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து போடுவது. பாக்டீரியா அதிலேயே குடியிருக்கும். நீல மருந்து வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் காரணம், அது அந்த நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும். பேத்தைக்கு மற்ற மீன்களைப்போல உடம்பை மூடும் செதில் கிடையாது. மருந்து எதுவானாலும் அதன் உடம்பில் வேகமாக ஏறும். நோய் என்ன என்று தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள்.

அடுத்தது உப்பு. சமையல் உப்பும் கல் உப்பும் போதாது. கடல் மீன் தொட்டிக்கு விற்கும் மரைன் சால்ட் வேண்டும், அதில்தான் மற்ற தாதுக்களும் சேர்ந்து வரும். தொட்டியில் நேராகக் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, தண்ணீர் மாற்றும்போது சேர்க்க வேண்டும். தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.005 காட்டும்வரை மெதுவாகக் கொண்டுபோங்கள், லிட்டருக்கு ஏறக்குறைய ஏழு கிராம் உப்பு வரும். ஒரு வாரத்தில் 0.002-க்கு மேல் ஏற்ற வேண்டாம். நைட்ரைட் செவுள் வழியாக உடம்பில் ஏறுவதையும் உப்பில் இருக்கும் குளோரைடு தடுக்கும். கப்பியை இப்போதே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கப்பி உப்பைத் தாங்கும், ஆனால் பேத்தை குணமானதும் முதலில் தேடுவது அதன் வாலைத்தான்.

வெயிலையும் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 35 டிகிரியில் அது ஏறக்குறைய 7 ஆகிவிடும். சூட்டில் அம்மோனியாவின் விஷமும் ஏறும். வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டில் மேற்குச் சுவரை ஒட்டி எந்தத் தொட்டியும் வைப்பதில்லை. மாலையில் அந்தச் சுவரில் கை வைத்தாலே காரணம் புரியும். 25 முதல் 28 டிகிரி நல்லது. தொட்டியின் மேல் மூடியை எடுத்துவிட்டு வலையைப் போட்டு, தண்ணீரின் மேல் படும்படி டேபிள் ஃபேன் வையுங்கள். ஐஸ் கட்டி போட்டுத் திடீரென்று குளிரவைக்க வேண்டாம். கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி ஏர் பம்ப்பும் வீட்டில் இருக்கட்டும்.

உங்கள் பையனிடம் நான் நேராகச் சில வார்த்தை பேச வேண்டும். தம்பி, உன் மீன் உன்னைப் பார்க்கிறது. அதன் கண்கள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பும், தீனி போடுகிறவரை அது சீக்கிரமே அடையாளம் கண்டுகொள்ளும். அதனால்தான் தட்ட வேண்டாம் என்கிறேன். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் அதற்கு ரொம்பப் பெரிதாகக் கேட்கும். அது பந்துபோல உப்புவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் உயிருக்குப் பயந்தால்தான் அது அப்படிச் செய்யும். வலையில் தூக்கி, வெளியே வைத்து அது உப்பினால் வயிற்றுக்குள் தண்ணீருக்குப் பதில் காற்று போய்விடும். பிறகு அதை வெளியேற்ற முடியாமல் தலைகீழாக மிதக்கும். எங்காவது மாற்ற வேண்டுமென்றால் ஒரு டப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, தண்ணீரோடு சேர்த்து எடு. இப்போதைக்குத் தொட்டியின் மூன்று பக்கமும் சார்ட் பேப்பர் ஒட்டிவிடு, லைட்டை அணைத்துவை. உள்ளே ஒளிந்துகொள்ள இடம் வேண்டும், மண்சட்டித் துண்டுகளைக் கவிழ்த்துப் போட்டால் போதும். கரிகிரிப் பக்கம் மண்பாண்டம் வாங்கினால், பளபளப்புப் பூச்சு இல்லாததாகக் கேட்டு வாங்கச் சொல்.

அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்து, வயிறு பழையபடி வெளுக்கத் தொடங்கியதும் தீனிக்கு வருவோம் அம்மா. குருணைத் தீனியைப் பேத்தைகள் பெரும்பாலும் தீனியாகவே மதிப்பதில்லை. அசைவதைத்தான் துரத்தும். உரமும் மருந்தும் போடாத பூந்தொட்டியில் இருந்து ஒரு சின்ன மண்புழுவை எடுத்துக் கழுவி, காலையில் தொட்டியில் விட்டுவிட்டு நகர்ந்து வந்துவிடுங்கள். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் தொடவில்லையென்றால் எடுத்துவிட்டு மறுநாள் பாருங்கள். ரத்தப்புழு உறைந்த கட்டியாகக் கிடைக்கும், அதையும் கரைத்துப் போடலாம். சாக்கடையில் பிடித்த டியூபிஃபெக்ஸ் புழுவை மட்டும் போட வேண்டாம்.

சாப்பிடத் தொடங்கியபின் நத்தைதான் முக்கியம். இந்த மீனுக்குப் பல் எலிப்பல் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். ஓட்டைக் கடித்து நொறுக்கினால்தான் தேயும். மெத்தென்ற தீனியே கொடுத்து வளர்த்தால் சில மாதத்தில் பல் வாயை அடைத்துவிடும். அப்போது மீன் ஆசையாக ஓடிவரும், கடிக்கும், துப்பிவிடும். அதற்குப் பல்லை வெட்ட வேண்டியிருக்கும், மயக்கம் கொடுத்துச் செய்யும் வேலை அது, மீன் தெரிந்த கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். வயலிலும் ஏரியிலும் பொறுக்கிய நத்தையில் பூச்சிமருந்தும் ஒட்டுண்ணியும் வரும். மீன் கடையில் செடிகளோடு வரும் சின்ன நத்தைகளில் சிலவற்றை ஒரு வாளியில் விட்டு, வேகவைத்த கீரையும் வெள்ளரித் தோலும் போட்டு நீங்களே வளருங்கள், தானாகப் பெருகும். ஓட்டோடு நறுக்கிய பச்சை இறாலும் கொடுக்கலாம், உப்பு, மஞ்சள் படாததாக. வயிறு லேசாக உருண்டதும் நிறுத்திவிடுங்கள். இது எவ்வளவு போட்டாலும் கெஞ்சும்.

கடைசியாகத் தொட்டி. இந்த மீன் வளர்ந்தால் அரை அடி வரும். இருபது லிட்டரில் அதை வைத்திருக்க முடியாது. நூறு லிட்டருக்குக் குறையாத தொட்டி, அதில் இது ஒன்று மட்டும், வயது ஏற ஏற உப்பும் கூட. செலவு உண்டு, நன்றாக வைத்துக்கொண்டால் பல வருடம் வாழும் என்பதும் உண்டு. முடியாது என்று தோன்றினால் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர் யாரிடமாவது இப்போதே கொடுத்துவிடுவது நல்லது. பையன் அழுவான். ஆனாலும் சொல்லிப் புரியவையுங்கள்.

கேள்வி: ஒரு அடித் தொட்டியில் நான்கு குட்டிப் பஃபர் வைத்திருக்கிறேன், பட்டாணி அளவுதான். மூன்று நன்றாகத் தின்கின்றன. ஒன்று மட்டும் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. வயிறு ஒட்டிவிட்டது, கழிவு வெள்ளை நூல்போல வருகிறது. உப்புப் போடலாமா?
– ஒரு கல்லூரி மாணவர், ஆம்பூர்

பதில்: வேண்டாம். உங்களுடையது வேறு மீன். கேரளத்துப் பம்பை போன்ற ஆறுகளில் வாழும் குள்ளப் பேத்தை, கேரினோடெட்ராடான் திருவிதாங்கோரிகஸ். 1941-ல் ஹோராவும் நாயரும் இதை முதலில் விவரித்தார்கள். வாழ்நாள் முழுக்க நன்னீர் மீன். மேலே காட்பாடி வாசகிக்குச் சொன்ன உப்புக் கணக்கு இதற்குப் பொருந்தாது.

ஒட்டிய வயிறும் வெள்ளை நூலும் சேர்ந்து வந்தால் குடற்புழுவைத்தான் முதலில் சந்தேகிப்பேன். விற்பனைக்கு வருபவற்றில் நிறைய ஆற்றில் பிடித்தவை, புழுவோடுதான் வரும். லெவமிசோல், பிராசிகுவான்டெல் போன்ற மருந்துகள் உண்டு. ஆனால் ஒரு அங்குல மீனுக்கு அளவு கொஞ்சம் தவறினாலும் போச்சு. தொட்டியின் சரியான கொள்ளளவைக் கணக்கிட்டு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். இந்த மீன் பட்டினியை அதிகம் தாங்காது, ஆகவே தள்ளிப்போட வேண்டாம்.

அதற்கு முன்னால், அதைத் தனியாகப் பிரித்துவையுங்கள். ஒரு அடித் தொட்டியில் நான்கு என்றால் வலுத்தது ஒன்று மற்றதைத் துரத்திக்கொண்டே இருக்கும், துரத்தப்பட்டது தீனிப் பக்கமே வராது. அதே தொட்டித் தண்ணீரை ஊற்றிய தனி டப்பாவில், கொஞ்சம் பாசியும் ஒரு ஏர் ஸ்டோனும் போட்டு வைத்துக் கொசுப் புழு கொடுத்துப் பாருங்கள். துள்ளும் கொசுப் புழுவை மறுக்கும் குள்ளப் பேத்தையை நான் பார்த்தது அபூர்வம். மொட்டை மாடி வாளியில் வளர்ப்பதானால் வலை போட்டு மூடி, கூட்டுப்புழு ஆவதற்குள் எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். உங்கள் மீனுக்காகத் தெருவுக்கே டெங்கு வரக் கூடாது. பிறகு நாற்பது லிட்டராவது உள்ள, செடி அடர்ந்த தொட்டிக்கு மாறுங்கள். இந்த இனம் அழியும் ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. அடுத்து வாங்கும்போது வீட்டுத் தொட்டியில் பிறந்த குஞ்சாகத் தேடி வாங்கினால் ஆற்றுக்கும் நல்லது.

கேள்வி: எங்களால் பஃபர் மீனைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. பாலாற்றிலோ மோர்தானா அணையிலோ விட்டுவிடலாமா? விஷ மீன் என்கிறார்களே, தொட்டாலே ஆபத்தா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: விடக் கூடாது. பச்சைப் பேத்தை அணைத் தண்ணீரில் நல்லபடியாக வாழாது. குள்ளப் பேத்தை பிழைத்தாலும் அங்கே இல்லாத நோயைக் கொண்டுபோகும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், பணம் கேட்காவிட்டால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

தொட்டால் ஆபத்து இல்லை, விரலைக் கடித்தால் வலிக்கும். பேத்தை இனங்களின் உடம்பில் இருக்கக்கூடிய டெட்ரோடோடாக்சின் தின்றால்தான் விஷம், சமைத்தாலும் போகாது. தொட்டியில் கை விட்டபின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மீன் இறந்துபோனால் குப்பையில் போட வேண்டாம். பூனையோ கோழியோ கிளறாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.